கைட் தேய்ந்தால் வால்வ் எங்கே குந்தும்?

ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு பழைய பெற்றோல் கார் இறங்கி வருகிறது. சாரதி அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்துவிட்டார், கார் கியரிலேயே உருண்டு வருகிறது. கீழே வந்து மறுபடி காலை அழுத்தியதும் சைலன்சரில் இருந்து ‘புஸ்’ என்று ஒரு நீலப் புகை. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் மூக்கைப் பொத்துகிறார். கொஞ்சத் தூரம் போனதும் புகை இல்லை. இதைப் பார்த்த உடனே “ரிங் போயிட்டுது, இஞ்சினை இறக்கத்தான் வேணும்” என்று தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் திருகோணமலையில் சந்திக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இந்த மாதிரிப் புகைக்குப் பெரும்பாலும் ரிங் காரணம் இல்லை.

நீலமாக வருவது ஒயில் எரிகிற புகை. சிலிண்டருக்குள் ஒயில் போகப் பெரிய வழி இரண்டு. கீழே இருந்து, பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கிற ரிங்கைத் தாண்டி ஏறும், அல்லது மேலே ஹெட்டில் இருந்து வால்வின் தண்டு வழியாக இறங்கும். அந்த இறங்கும் வழியில் நிற்கிற சின்னக் குழாய்க்குத்தான் வால்வ் கைட் என்று பெயர். ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் “கைட் மாத்த வேணும்” என்று சொன்னால் அவர் செய்யப்போவது என்ன, ஏன் இரண்டு மூன்று நாள் கேட்கிறார், எந்த இடத்தில் நீங்கள் கேள்வி கேட்கலாம் என்பதை இஞ்சின் பக்கமே போகாதவருக்கும் விளங்குகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். உப்புவெளிப் பக்கம் சின்னதாய் ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். கீழே வரும் பிழைகளில் சில என் கையாலேயே நடந்தவை.

குழாயின் வேலை

நாலு ஸ்ரோக் இஞ்சினில் சிலிண்டருக்கு மேலே மூடி போல இருப்பது ஹெட். காற்றும் பெற்றோலும் உள்ளே வர அதில் ஒரு வாசல் (இன்லெற்), எரிந்த புகை வெளியே போக இன்னொரு வாசல் (எக்சோஸ்ற்). இவற்றைத் திறந்து மூடுவது வால்வ். தலை நன்றாக அகன்ற நீட்டு ஆணி ஒன்றைத் தலை கீழே வரும்படி பிடித்துப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான் வால்வின் உருவம். அகன்ற தலை வாசலை அடைக்கும். தலை வந்து பொருந்துகிற வளையத்துக்குச் சீற் என்று பெயர். தண்டு மேலே ஒரு குழாய் வழியாக ஏறி, ஸ்பிரிங்கைச் சுமந்துகொண்டு, மேலே சுழல்கிற புடைப்பான கேம் எப்போது தள்ளும் என்று காத்திருக்கும். அந்தக் குழாய்தான் கைட். சுண்டுவிரல் அளவு இருக்கும்.

சில பழைய வார்ப்பிரும்பு ஹெட்களில் தனிக் குழாய் கிடையாது, ஹெட்டில் துளைத்த ஓட்டையே கைட்டாக வேலை செய்யும். அலுமினிய ஹெட்டில் அப்படி விட முடியாது. அலுமினியம் மெதுமையான உலோகம், உருக்குத் தண்டு அதில் நேரே உரசினால் சீக்கிரமே ஓட்டை அகன்றுவிடும். அதனால் வார்ப்பிரும்பிலோ, வெண்கலக் கலவையிலோ, உலோகத் தூளை அழுத்திச் சுட்டோ தனியாகச் செய்த கைட்டை ஹெட்டுக்குள் இறுக்கி ஏற்றுகிறார்கள். தேய்ந்தால் அதை மட்டும் எடுத்துப் புதிதைப் போடலாம்.

எவ்வளவு தேயும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு ஸ்ரோக் இஞ்சினில் கிராங் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) இரண்டு சுற்றுச் சுற்ற ஒவ்வொரு வால்வும் ஒரு தடவை திறந்து மூடும். நிமிடத்துக்கு 2500 சுற்று ஓடுகிற இஞ்சினில் அது 1250 தடவை. இங்கே இருந்து கொழும்புக்கு ஆறு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வால்வ் நாலரை லட்சம் தடவை கைட்டுக்குள் ஏறி இறங்கியிருக்கும். அதுவும் ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும். இவ்வளவு உரசியும் லட்சக் கணக்கான கிலோமீற்றர் தாங்குகிறது என்றால், தண்டுக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிற மெல்லிய ஒயில் படலம்தான் காரணம். அந்தப் படலம் இல்லாவிட்டால் தண்டு கைட்டுக்குள் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகை. குழாயின் மேல் முனையில் தொப்பி மாதிரி மாட்டியிருக்கிற ரப்பர் சீல்தான் இந்த ஒயிலை அளந்து விடுகிறது.

கைட்டின் இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது: சூட்டைக் கடத்துவது. எக்சோஸ்ற் வால்வின் தலை 700 பாகை செல்சியசையும் தாண்டிச் சுடும். அந்தச் சூட்டில் முக்கால் பங்கு அளவு, வால்வ் மூடியிருக்கும் நேரத்தில் சீற் வழியாக ஹெட்டுக்குப் போகிறது. மிச்சம் தண்டு வழியாகக் கைட்டுக்கும், அங்கிருந்து ஹெட்டில் ஓடுகிற தண்ணீருக்கும் போகும். கைட் தேய்ந்து இடைவெளி கூடினால் அந்த வழி அடைபடும். அதோடு வால்வ் சாய்ந்து குந்துவதால் முக்கால் பங்கு வழியும் சரியாகப் பொருந்தாது. வால்வின் விளிம்பு ஒரு பக்கம் கடித்த பிஸ்கட் மாதிரி எரிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெற்றோலைக் குறை சொல்லுவதற்கு முதல் கைட்டை அளந்து பார்ப்பது நல்லது.

புகையைப் படிப்பது

ஓர்ஸ் ஹில் காருக்குத் திரும்புவோம். காலை எடுத்ததும் இஞ்சினுக்குக் காற்று போகிற வழியைத் த்ரொட்டில் மூடிவிடுகிறது. பிஸ்டன்கள் தொடர்ந்து இழுக்க, இன்லெற் பக்கம் வெற்றிடம் பலமாகிறது. அந்த இழுப்பில், தேய்ந்த கைட்டின் இடைவெளி வழியாக மேலே ஹெட்டில் இருக்கும் ஒயில் கீழே உறிஞ்சப்படும். இறக்கம் முழுவதும் சேர்ந்தது, மறுபடி அக்சிலேற்றர் கொடுத்ததும் ஒரேயடியாக எரிந்து நீலமாக வெளியே வருகிறது. சிக்னலில் கன நேரம் ஐட்லிங்கில் நின்று புறப்படும்போது புகை வந்தாலும் இதே கதைதான்.

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் ஒரு குபீர் புகை, பிறகு நாள் முழுக்க ஒன்றும் இல்லை என்றால் முதலில் சீலைச் சந்தேகிக்க வேண்டும். இரவு முழுக்க ஒயில் சொட்டுச் சொட்டாகத் தண்டு வழியே இறங்கிச் சேர்ந்திருக்கும். சூட்டில் ரப்பர் கல்லு மாதிரி இறுகி, தண்டைப் பிடிக்கிற இதழ் வேலை செய்யாமல் போயிருக்கும். சீல் சின்னச் செலவு, சில இஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். ஆனால் கைட் தேய்ந்திருக்கும்போது புதுச் சீல் போட்டுப் பிரயோசனம் இல்லை. ஆடுகிற தண்டு அந்த ரப்பர் இதழைச் சில மாதத்துக்குள் ஒரு பக்கமாக அகட்டிவிடும்.

ரிங் போன இஞ்சினின் புகைக்கு வேறு குணம். ஏற்றத்தில், பாரத்தோடு, கால் அழுத்தி இருக்கும் நேரம் பூராவும் வரும். ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் ‘பக் பக்’ என்று காற்று அடிக்கும்.

டீசல் வான்காரர்கள் இந்தப் பாடத்தை அப்படியே எடுக்கக் கூடாது. டீசலில் காற்றை அடைக்கிற த்ரொட்டில் பெரும்பாலும் இல்லை, அதனால் அந்தப் பலமான இழுப்பும் இல்லை. கைட் தேய்ந்த டீசல் புகையைக் காட்டிக்கொடுக்காமல் கன காலம் ஓடும். பிறகு சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிற பலம் (கொம்பிரசன்) குறைந்து, காலையில் ஸ்டார்ட் எடுக்க அடம்பிடிக்கும்போதுதான் ஹெட்டைக் கழற்றுகிறோம். பழைய இரண்டு ஸ்ரோக் ஓட்டோவையும் கடற்கரையில் இருக்கிற இரண்டு ஸ்ரோக் அவுட்போட் மோட்டார்களையும் இந்தக் கட்டுரையில் இருந்து விட்டுவிடுங்கள். அவற்றுக்கு இந்த வகை வால்வே கிடையாது. பெற்றோலோடு ஒயில் கலந்து எரிப்பதால் அவற்றின் புகை பிறவிக் குணம்.

ஆட்டிப் பார்த்து அளப்பது

ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்தாகிவிட்டது. ஸ்பிரிங்கை எடுத்து, வால்வைச் சீற்றில் இருந்து ஒரு சென்ரிமீற்றர் போலத் தள்ளிப் பிடித்து, தலையை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். முதலில் ரொக்கர் (கேமின் தள்ளலை வால்வுக்குக் கொடுக்கிற நெம்புகை) இழுக்கிற திசையில், பிறகு அதற்குக் குறுக்காக. தேய்ந்த கைட் இரண்டு திசையிலும் ஒரே மாதிரி ஆடாது. ரொக்கர் ஆம் உள்ள இஞ்சினில் ரொக்கரின் நுனி தண்டை நேரே கீழே மட்டும் தள்ளுவதில்லை, வளைந்து வருவதால் கொஞ்சம் பக்கமாகவும் தள்ளும். அந்தத் திசையில் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். மேல் முனையும் கீழ் முனையும் கோயில் மணியின் வாய் மாதிரி விரிந்திருக்கும், நடுப்பகுதி மட்டும் புதுசு போல இருக்கும்.

இந்த நடுப்பகுதிதான் ஆளை ஏமாற்றும். பழைய டொயோட்டா கொரோல்லாக்களில் வருகிற 1.5, 1.6 லீற்றர், 16 வால்வ் ஏ வகை பெற்றோல் இஞ்சினை எடுத்துக்கொள்வோம். புதிதாக இருக்கும்போது கைட்டின் உள்விட்டம் 6.01 முதல் 6.03 மி.மீ. இன்லெற் வால்வின் தண்டு 5.970 முதல் 5.985 மி.மீ. ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்தால் இடைவெளி 0.025 முதல் 0.060 மி.மீ. வரை. தலைமயிர் ஒன்றின் தடிப்பை விடக் குறைவு. தேய்ந்து 0.08 வரை போகலாம், அதற்கு மேல் இன்லெற்றுக்குச் சரிவராது. எக்சோஸ்ற்றுக்கு எல்லை 0.10, ஏனென்றால் அது கூடச் சுட்டுக் கூட விரிகிற வால்வ், அதற்குக் கொஞ்சம் கூடுதலான இடம் வேண்டும்.

இப்போது ஒரு தேய்ந்த இன்லெற் கைட்டை அளக்கிறோம் என்று வையுங்கள். நடுவில் 6.03, மேல் முனையில் 6.07. தண்டை மைக்ரோமீற்றரில் மூன்று இடத்தில் அளந்தால் மிகத் தேய்ந்த இடம் 5.96. நடுவை மட்டும் அளந்தவர் 0.07 என்று எழுதி, “இன்னும் ஓடும்” என்று சொல்லிவிடுவார். முனையை அளந்தவருக்கு 0.11. இரண்டு பேரும் அதே வால்வைத்தான் அளந்தார்கள். அடுத்த கேள்வி, வால்வை மட்டும் புதிதாகப் போட்டால் தப்பலாமா? புதுத் தண்டு 5.98 என்றால் 0.09, அப்பவும் எல்லைக்கு மேலே. ஆகவே கைட் மாறத்தான் வேண்டும். தண்டும் தன் புது அளவின் கீழ் எல்லையை விட்டு இறங்கிவிட்டதால் நான் என்றால் வால்வையும் மாற்றுவேன். புதுக் கைட்டுக்குள் தேய்ந்த தண்டை விடுவது, புதுச் செருப்பை ஒரு காலுக்கு மட்டும் வாங்குகிற கதை.

உள்விட்டத்தை அளக்க, பிளவுபட்ட சின்ன உருண்டை நுனி வைத்த துளை அளவி வேண்டும். அதை உள்ளே விட்டு விரித்து, வெளியே எடுத்து, மைக்ரோமீற்றரில் அளப்பார்கள். டயல் கேஜை வால்வ் தலையில் முட்ட வைத்து ஆட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. அது விரைவான வழி, ஆனால் தண்டு சாய்வதால் ஊசி காட்டுவது உண்மையான இடைவெளியை விடப் பெரிதாக இருக்கும். அந்த இலக்கத்தைப் புத்தகத்தில் உள்ள ஒயில் இடைவெளியோடு நேரே ஒப்பிட்டால் நல்ல கைட்டையும் தூக்கி எறிவீர்கள். அளவி இல்லாத கராஜில் கேட்கக்கூடியது ஒன்று: “ஒரு புது வால்வை விட்டு ஆட்டிக் காட்டுங்கோ.” புது வால்வும் ஆடினால் குற்றவாளி கைட்.

கடலோரத்தில் நான் அடிக்கடி காண்கிறது இன்னொன்று. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து, மாதக் கணக்காக ஓடாமல் கிடக்கிற போட் இஞ்சின்களிலும் வீட்டு ஜெனரேற்றர்களிலும் எங்காவது ஒரு வால்வ் திறந்த நிலையில் நின்றுபோயிருக்கும். உப்புக் காற்று எக்சோஸ்ற் குழாய் வழியாக வந்து அந்தத் தண்டில் துரு பிடிக்க வைக்கும். பிறகு ஸ்டார்ட் பண்ணும்போது அந்தத் துரு அரம் மாதிரிக் கைட்டை அராவும். நாலு கைட்டில் ஒன்று மட்டும் மோசமாகப் போயிருந்தால், அந்த இஞ்சின் எப்படிக் கிடந்தது என்று நான் முதலில் கேட்பேன்.

கழற்றுவதும் ஏற்றுவதும்

கைட்டை அடித்துக் கழற்ற முதல் ஒரு அளவு எடுத்து எழுதி வைக்க வேண்டும்: மேலே ஹெட்டின் மட்டத்தில் இருந்து கைட் எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் சொன்ன டொயோட்டாவில் 12.7 முதல் 13.1 மி.மீ. புதுக் கைட் இதை விட உயரமாக நின்றால், வால்வ் முழுக்கத் திறக்கும்போது ஸ்பிரிங் தட்டு வந்து சீலில் இடிக்கும். பதிவாகப் போனால் சீல் குந்த இடம் காணாது. கழற்றிய பிறகு இந்த அளவை எங்கே தேடுவது? தேடிய ஆள் நான்.

கழற்றும் கம்பி இரண்டு தடிப்பில் கடைந்தது. மெல்லிய முனை கைட்டுக்குள் போகும், தடித்த தோள் கைட்டின் விளிம்பில் உட்காரும். எரிகிற அறைப் பக்கம் இருந்து மேலே கேம் பக்கத்துக்கு அடித்து வெளியே எடுப்பது வழக்கம். சில கைட்களில் மேலே ஒரு வளையப் பூட்டு இருக்கும், அதை முதலில் எடுக்க வேண்டும்.

இங்கேதான் என் முதல் பெரிய பிழை. எக்சோஸ்ற் கைட்டின் கீழ் முனை புகை போகிற வழிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் கரி படிந்து கல்லாக இறுகியிருக்கும். அதைச் சுரண்டாமல் மேலே அடித்தால் அந்தக் கரியும் சேர்ந்து ஹெட்டின் துளைக்குள்ளால் இழுபட்டு வரும். நான் அடித்தேன். வந்தது. துளையில் நீளத்துக்கு ஒரு கீறல். புதுக் கைட்டை ஏற்றினால் அந்தக் கீறல் வழியாக ஒயில் வெளிப் பக்கத்தாலே இறங்கும், உள்ளே எவ்வளவு நன்றாகச் செய்தாலும் புகை நிற்காது. ஹெட்டைத் தூக்கிக்கொண்டு பாலம் கடந்து கிண்ணியாவில் லேத் வைத்திருக்கிற காக்காவிடம் போனேன். துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தம்பி, இனி ஓவர்சைஸ்தான்” என்றார். துளையைக் கீறல் மறையும் மட்டும் அகட்டி, 0.05 மி.மீ. கூடிய வெளிவிட்டமுள்ள கைட் போட்டுத் தந்தார். அதற்குப் பிறகு கரியைச் சுரண்டாமல் நான் சுத்தியலைத் தொட்டதில்லை. கைட்டின் உள்பக்கத்தைப் பெரிய துளைக்கருவியால் குடைந்து சுவரை மெல்லியதாக்கிவிட்டு அடிப்பவர்களும் உண்டு, பிடி தளர்ந்து லேசாக வரும். கை நடுங்காதவர்களுக்கு நல்ல வழி.

அடுத்தது சூடு. கைட்டின் வெளிவிட்டம் துளையை விட ஒரு மி.மீற்றரின் நூறில் சில பங்கு பெரிதாக இருக்கும். அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. குளிர்ந்த ஹெட்டில் அப்படியே அடித்தால் அலுமினியத்தைச் சுரண்டிக்கொண்டு போகும். ஹெட்டைச் சூடாக்கிக் கைட்டைக் குளிராக்கினால் என்ன நடக்கும் என்று கணக்கிலேயே பார்க்கலாம். அலுமினியம் ஒரு பாகைச் சூட்டுக்கு ஒவ்வொரு மி.மீற்றருக்கும் 0.000023 மி.மீ. விரியும். துளை 11 மி.மீ., நம்முடைய ஊர் வெப்பம் 30 பாகை, அதைக் கொதிநீரில் வைத்து 100 பாகைக்குக் கொண்டுபோகிறோம். 11 × 0.000023 × 70 = 0.018 மி.மீ. அகலும். வார்ப்பிரும்புக் கைட் அதில் பாதி அளவுதான் விரியும், சுருங்கும். அதை −18 பாகை உறைபெட்டியில் வைத்தால் 0.006 மி.மீ. சுருங்கும். இரண்டும் சேர்த்து 0.024. இறுக்கம் முழுவதும் போய்விடாது, ஆனால் பெரும்பகுதி தளரும். சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டிய இடத்தில் மெல்லத் தட்டினால் போதும்.

இந்த வகை ஹெட்டுக்கு டொயோட்டா சொல்லுவது 80 முதல் 100 பாகை, மெல்ல மெல்ல. ஒரு மூலையில் காஸ் சுவாலையைப் பிடித்து அவசரப்படுத்தினால் ஹெட் வளையும். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து அதற்குள் ஹெட்டை இறக்குவது எளிது, நெருப்பு எவ்வளவு எரிந்தாலும் தண்ணீர் 100ஐத் தாண்டாது என்பதே அதன் பாதுகாப்பு. கன்னியா வெந்நீரில் வைத்தால் என்ன என்று ஒரு பெடியன் பகிடியாகக் கேட்டான். அந்தச் சூடு குளிக்கத்தான் காணும்.

கைட்களை உறைபெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பாடு. பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள். இங்கத்தைய ஈரக் காற்றில் வெளியே எடுத்த உடனே வெள்ளையாகப் பனி படரும், அடுத்த நிமிடம் அது தண்ணீர். அதனால் ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, உடனே ஏற்ற வேண்டும். ஏறும்போது ஓசையைக் கவனியுங்கள். ஒரே சீராக ஏறினால் ஓசையும் சீராக வரும். சாய்ந்தால் ஓசை மாறி அடி திருப்பி உதைக்கும். அப்போது நிறுத்துவதே நல்லது. இரண்டு மூன்று தட்டுக்கு ஒருதரம் உயரத்தை அளந்து, எழுதி வைத்த அளவில் நிறுத்தவேண்டும்.

ஏறின கைட் இறுக்கத்தால் உள்ளே கொஞ்சம் சுருங்கியிருக்கும். ஹெட் நன்றாக ஆறிய பிறகு, துளையை மெல்லியதாகச் சீவுகிற ரீமரை விட்டு உள்விட்டத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ரீமரை வெளியே எடுக்கும்போதும் வெட்டுகிற திசையிலேயே சுற்றுங்கள். பின்பக்கம் சுற்றினால் வெட்டு விளிம்பு மழுங்கும், சீவல் துண்டு நடுவில் அகப்பட்டுக் கீறும். வெண்கலக் கைட் ரீமரை இறுக்கிப் பிடிக்கிற சுபாவம், அதற்கு ஒயில் தாராளமாகவும் கூர் புதிதாகவும் இருக்க வேண்டும். முடிந்ததும் அந்தந்தக் கைட்டுக்குரிய வால்வை ஒயில் தடவி விட்டுப் பார்த்தால், தன் பாரத்தில் வழுக்கி இறங்க வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது.

சீற்றை வெட்டாமல் விட்டால்

இவ்வளவும் செய்து இதோடு நிறுத்தினால் செய்த வேலை வீண். கைட் மாற்றுகிறது என்றால் பாதி வேலை சீற்றில்தான் இருக்கிறது. கராஜ்களில் கூடுதலாகத் தவறவிடப்படுவதும் இந்தப் பாதிதான்.

பிணைச்சல் தேய்ந்து தொங்கின கதவை நினைத்துப் பாருங்கள். வருடக் கணக்காக அது நிலையில் உரசி உரசி, தான் தொங்குகிற கோணத்துக்கு நிலையையே தேய்த்து வைத்திருக்கும். இன்றைக்குப் புதுப் பிணைச்சல் போட்டீர்கள். கதவு நேராகிவிட்டது. நிலை இன்னும் பழைய கோணலிலேயே இருக்கிறது, இப்போது கதவு முன்னையை விட மோசமாக இடிக்கும். கைட் பிணைச்சல், சீற் நிலை. பழைய கைட்டின் சாய்வுக்குப் பழகின சீற்றுக்குப் புதுக் கைட் ஒரு புது மையத்தைக் கொடுக்கிறது. எவ்வளவு கவனமாக ஏற்றினாலும் புது மையமும் பழைய மையமும் மயிரிழை கூட விலகாமல் ஒன்றாக வராது.

அதனால் சீற் வெட்டும் கருவியின் வழிகாட்டித் தண்டை அந்தப் புதுக் கைட்டுக்குள்ளேயே விட்டு, அதையே மையமாக வைத்துத்தான் சீற்றை வெட்டுகிறார்கள். இந்த ஒழுங்கு மாறக் கூடாது என்பதற்குக் காரணமும் அதுதான்: கைட், ரீமர், பிறகுதான் சீற். சீற்றை முதலில் வெட்டிவிட்டுக் கைட்டைப் பிறகு ஏற்றினார் என்று யாராவது சொன்னால், ஹெட்டை அங்கேயே விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வால்வ் குந்துகிற முகம் 45 பாகையில் வெட்டப்படும். அதன் எரிகிற அறைப் பக்க விளிம்பை 30 பாகைக் கருவியாலும் வாசல் பக்க விளிம்பை 60 பாகைக் கருவியாலும் சீவி, நடுவில் ஒரு மெல்லிய பட்டியை மட்டும் விட்டு வைப்பார்கள். நம்முடைய உதாரண இஞ்சினில் அந்தப் பட்டியின் அகலம் 1.0 முதல் 1.4 மி.மீ. பட்டி ஒடுங்கினால் சூடு போக இடம் காணாது, வால்வ் எரியும். அகன்றால் ஸ்பிரிங்கின் அழுத்தம் பரந்து போய், கரித்துண்டு அகப்பட்டு, இறுக்கமாக மூடாது. அந்தப் பட்டி வால்வ் முகத்தின் நடுவில் படுகிறதா என்று பார்க்க நீலச் சாயம் மெல்லியதாகத் தடவி, வால்வைச் சுழற்றாமல் ஒருதரம் அழுத்தி எடுப்பார்கள். வளையம் எங்கும் அறாமல் ஒரே அகலத்தில் பதிந்திருந்தால் சரி.

தொடக்க காலத்தில் ஒரு ஹெட்டை வெளியூர்ப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பினேன். கைட் எல்லாம் புதிது, பளபளவென்று வந்தது. நானும் நம்பிப் பூட்டிவிட்டேன். நாலு மாதத்தில் அதே கார், ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் ஒரு எக்சோஸ்ற் வால்வ் பிறைச் சந்திரன் மாதிரிக் கடிபட்டிருந்தது. சீற்றில் கருவி பட்ட அடையாளமே இல்லை, பசை போட்டுத் தேய்த்த மங்கல் மட்டும். தேய்க்கிற பசை கடைசி மெருகுக்கு உதவும். மையம் விலகின சீற்றை அது நேராக்காது. கோணலாகப் படுகிற இடத்தையே இன்னும் அகலமாக்கி, பார்க்கிறவருக்கு எல்லாம் சரி என்று காட்டும். பிழை அவர்களுடையது என்றாலும், நீலச் சாயம் தடவிப் பார்க்காமல் பூட்டியது நான்தான். காசை நான்தான் கட்டினேன்.

சீற்றை வெட்டினால் வால்வ் கொஞ்சம் உள்ளே பதியும், அதன் மறுமுனை அந்த அளவுக்கு மேலே கேமை நோக்கி ஏறும். அதனால் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் வைக்கிற பழைய தகட்டை (ஷிம்) அப்படியே போட்டால் இடைவெளி குறைந்து, சூட்டில் வால்வ் முழுக்க மூடாமல் நிற்கலாம். அந்த இடைவெளியை (ராப்பற் இடைவெளி என்பார்கள்) திரும்ப அளந்து சரிப்படுத்தினார்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

குறுக்கு வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, கைட்டின் உள்சுவரில் திருகாணி வரிபோல ஒரு கருவியை உருட்டி, உலோகத்தைப் புடைக்க வைத்து, பிறகு ரீமர் விடுவது. செலவு குறைவு, ஆயுளும் குறைவு. விற்கப்போகிற வண்டிக்கு அதைச் செய்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மற்றது, பழைய கைட்டைக் குடைந்து அதற்குள் மெல்லிய வெண்கல உறை இறக்குவது. அது நல்ல வேலை, மையமும் அவ்வளவாக மாறாது, தனிக் கைட் இல்லாத வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு ஏற்ற வழி. அதற்குரிய கருவி உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

எல்லாம் பூட்ட முதல் கடைசியாக ஒரு சோதனை. வால்வ், ஸ்பிரிங், புதுச் சீல் மாட்டிய ஹெட்டைச் சரித்து வைத்து, வாசல்களுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து வால்வ் தலையைச் சுற்றிப் பாருங்கள். சொட்டு விழுந்திருந்தால் அந்த வால்வ் இன்னும் குந்தவில்லை.

பூட்டி முதல் ஸ்டார்ட் எடுக்கும்போது புகை வரும். சொந்தக்காரர் முகம் கறுக்கும். பூட்டும்போது தண்டிலும் சிலிண்டரிலும் தடவிய ஒயில் எரிகிறது, அவ்வளவுதான். நிலாவெளி மட்டும் ஒருதரம் ஓடிவிட்டு வந்து, அதே ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் காலை எடுத்து இறங்கி, கீழே அழுத்திப் பாருங்கள். பின்னால் ஒருவரை மோட்டார் சைக்கிளில் வரச் சொல்லுங்கள். ஓட்டுகிறவருக்குத் தன் புகை தெரியாது.